ஊதுலையும் ஊதுகுழலும்

பரங்கிப்பேட்டைத் தோழர் ஒருவர் தம் பழைய வீட்டின் அடுக்களையை இடித்துக் கட்ட முனைந்தார். கொத்தனார் வந்தார், நூல் பிடித்தார். மனையடி பார்ப்பவர் வந்தார். திசைகாட்டியைத் தரையில் வைத்துத் தென்கிழக்கைச் சுட்டினார். மரவேலைக்காரர் வந்தார், பளபளக்கும் பலகை மாதிரிகளைத் திண்ணையில் பரப்பினார். மூவரும் பேசினர், முடிவு செய்தனர், முன்பணமும் பெற்றனர். அந்த அடுக்களையில் நாற்பது ஆண்டுகளாக நின்று வெந்த தாய், மூவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

தோழர் பகுத்தறிவாளர். மேடையிலே பெண்ணுரிமை முழங்குபவர். தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மறுநாள் என்னிடம் வந்து, "ஓர் அடுக்களையைத் திட்டமிடுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். "வரலாற்றிலிருந்து" என்றேன். நகைத்தார். அடுக்களைக்கு ஏது வரலாறு என்பது அந்த நகைப்பின் பொருள்.

அவர் மீது பிழையில்லை. கோட்டைக்கு வரலாறு எழுதினர்; கோபுரத்துக்கு எழுதினர்; கொடிமரத்துக்கும் கொத்தளத்துக்கும் எழுதினர். பரங்கிப்பேட்டை என்றதும் பள்ளிப் புத்தகம் சொல்வது என்ன? 1781ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின என்பது. அதோடு ஏடு மூடப்படுகிறது. அந்தப் படைகளுக்குச் சோறு எங்கே வெந்தது, ஊர் மக்களின் வீடுகளில் அடுப்பு எந்த மூலையில் எரிந்தது, அதன் புகை எந்த வழியே போனது என்று கேட்கத் தொடங்கினால், வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்திலே, சிதம்பரத்துக்கு வடகிழக்கே அமைந்த ஊர் இது. 'புதிய துறைமுகம்' என்னும் பொருள்பட, போர்ட்டோ நோவோ என்று பெயரிட்டனர் போர்த்துக்கீசியர். மரைக்காயர்களின் மரக்கலங்கள் இங்கிருந்து கீழைக் கடல் கடந்தன. டச்சுக்காரர் வந்தனர், டேனியர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் துணி வாங்கிப் போனார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். விட்டுப் போனதும் உண்டு. அதைக் காணக் கோட்டை மேட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் அடுக்களைக்குள் போனால் போதும்.

சாமான் வைக்கிறோமே அலமாரி, அது போர்த்துக்கீசியச் சொல். அதைப் பூட்டும் சாவி, போர்த்துக்கீசியச் சொல். காய் நறுக்கும் மேசை, அதுவும் அப்படியே. காற்று வரும் சன்னல்? அதுவுந்தான். சாளரம், பலகணி என்று நமக்கு முன்பே சொற்கள் இருந்தும், வந்த சொல்லே வழக்கிலே வென்றது. புதுவையிலும் ஈழத்திலும் அடுக்களையையே குசினி என்பார்கள். அதன் வேரும் அதே மொழிதான். பொருளைப் பார்ப்போமா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பல்களிலே ஏறி இந்தியக் கரையை அடைந்தது. பரங்கிக்காய் தன் பிறப்பைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கடல் கடந்தவைதான்.

இதை ஏன் சொல்கிறேன்? "அடுக்களை ஆகமத்தோடு அமைந்தது, முன்னோர் வகுத்தது, மாற்றினால் குடும்பம் கெடும்" என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் பாதி அயல்நாட்டுச் சரக்கு. அவர்கள் அடுக்களையில் வைப்பிடத்தின் பெயர் அயல்மொழி. பண்டம் மாறிற்று, பெயர் மாறிற்று, சுவை மாறிற்று; குடும்பம் கெடவில்லை. மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று: அடுப்பு இருந்த இருட்டு மூலை.

அந்த மூலைக்கு வருவோம்.

தென்கிழக்கு அக்கினி மூலை. ஆகவே அடுப்பு அங்கேதான் என்பது மனையடி சாத்திரத்தின் கட்டளை. பரங்கிப்பேட்டையிலே நின்று இதைச் சோதித்துப் பாருங்கள். கடல் கிழக்கே. கோடைக்காலப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். ஊரே ஏங்கிக் காத்திருக்கும் காற்று அது. அந்தக் காற்று வீட்டுக்குள் நுழையும் வாயிலிலே, அதாவது தென்கிழக்கு மூலையிலே, விறகடுப்பை மூட்டி வைத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்றோடு கரும்புகையும் கூடத்துக்கு வரும், தூளிக்கு வரும், நோயாளியின் கட்டிலுக்கு வரும். கொண்டல் என்றும், கோடை என்றும், வாடை என்றும், தென்றல் என்றும் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த இனம் இது. பாய்மரம் கட்டக் காற்றைக் கேட்டோம். பயிருக்குக் காற்றைக் கேட்டோம். அடுப்பு வைக்க மட்டும் அக்கினி பகவானைக் கேட்டோம்!

"காலை வெயில் படுவதற்காக முன்னோர் அப்படி வைத்தனர், அதில் அறிவியல் இருக்கிறது" என்று புதுச் சட்டை போட்ட பழைமை பேசுவோர் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். வெயிலுக்காக என்றால் அந்த மூலையிலே சாளரம் எங்கே? கண்ணேறு படும் என்று அடைத்தவர்கள், தீட்டுப்படும் என்று மறைத்தவர்கள், வெயிலை வரவேற்றார்கள் என்றால் யார் நம்புவது? தென்கிழக்கு வாய்க்காவிட்டால் வாயு மூலையாகிய வடமேற்கும் ஆகும் என்று விலக்கு வேறு வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் வடமேற்கு கோடைப் பிற்பகலுக்கு நன்று. ஆனால் மேல்காற்று வீசும் ஆனி ஆடிக் காலையில் அதே மூலை புகையை வீட்டுக்குள் தள்ளும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குக் காற்று. ஆக, ஆண்டு முழுவதும் நல்ல மூலை என்று ஒன்று இல்லவே இல்லை. மூலை தேடும் வேலையே வீண். தேட வேண்டியது, எந்தக் காற்று வீசினாலும் புகையை மேலே கொண்டுபோகும் வழியை. அதற்குப் புகைபோக்கி என்று பெயர்.

புகையை மேலேற்றும் வித்தை, தீக்குக் காற்றூட்டும் வித்தை, இந்த ஊருக்குத் தெரியாததா? இங்கேதான் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று இருக்கிறது.

1830ஆம் ஆண்டையொட்டி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பரங்கிப்பேட்டையிலே இரும்பாலை அமைத்தார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க எழுந்த முதல் பெரும் முயற்சிகளில் ஒன்று அது. சேலத்துப் பக்கத்து இரும்புக் கனிமம் வந்தது. காட்டு மரங்கள் கரியாகி வந்தன. ஊதுலை எழுந்தது. ஊதுலை என்றால் என்ன? உயர்ந்த கூடு, அதன் அடியிலே பொறி கொண்டு காற்றைச் செலுத்துவார்கள், தீ சீறும், கனிமம் உருகும், ஆவியும் புகையும் உச்சி வழியே வானுக்குப் போகும். காற்று எவ்வளவு, கரி எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டது அது. கரித் தட்டுப்பாடும் பணத் தட்டுப்பாடும் நெருக்க, 1860களில் ஆலை அணைந்தது. ஹீத் அதற்கு முன்பே, 1851இல், இங்கிலாந்திலே மறைந்துவிட்டார். கம்பெனி ஆட்சியின் தொழில் கனவு ஒன்று கரியானது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதினர். சரி.

அந்த ஊதுலை எரிந்த முப்பது ஆண்டுகளும், அதே ஊரிலே, கூப்பிடு தூரத்திலே, நூற்றுக்கணக்கான வீடுகளில் இன்னோர் உலையும் எரிந்தது. அதற்குக் காற்றுப் பொறி இல்லை. புகை வழி இல்லை. உயரக் கணக்கு இல்லை. ஒரு பெண் தரையிலே குந்தி, ஊதுகுழலை வாயில் வைத்து, கன்னம் வலிக்க ஊதினாள். உள்ளே இழுத்த மூச்சு முழுதும் புகை. இரும்புக்கு இயந்திரம், கொல்லனுக்குத் துருத்தி, அவளுக்கு ஊதுகுழல்! இரும்பை உருக்கியவர்கள் இலாபத்துக்காகச் சிந்தித்தார்கள். சோற்றை வேகவைத்தவளின் உழைப்பிலே இலாபக் கணக்கு எழுதுவோர் இல்லை. கணக்கில் வராத உழைப்புக்கு எவன் கருவி செய்வான்?

இந்தப் புகை அன்று தொடங்கியதும் அன்று. குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நினைவுகூருங்கள். கூடலூர் கிழார் பாடியது. இளம் மனைவி தயிரைப் பிசைந்து, அந்தக் கையைத் துணியிலே துடைத்து, தாளித்த புகை மையுண்ட கண்ணை நிறைக்கப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் உண்டு, சுவையைப் பாராட்டுகிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. காதல் வாழ்வின் இனிய ஓவியம் என்று தமிழாசிரியர்கள் நயம் சொல்வார்கள். நயம் உண்மைதான். ஆனால் புலவரின் நேர்மையைப் பாருங்கள்: புகை கண்ணை நிறைத்ததை அவர் மறைக்கவில்லை. அவர் கண்டார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பாட்டைப் படித்த நாம், மலர்ந்த முகத்தை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

அவள் ஏன் கேட்கவில்லை? சாளரம் ஒன்று திற என்று ஏன் சொல்லவில்லை? சொல்லும் உரிமை வீட்டில் பங்கு உள்ளவர்க்கு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழிந்து, 1989இல்தான், இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது தமிழ்நாடு. சுவர் தனதல்லாதபோது சுவரைத் துளைக்கச் சொல்ல முடியுமா? இது ஒரு காரணம். மற்றொன்று தீட்டு. வீட்டின் கடைக்கோடியிலே அடுக்களையை ஒளித்ததற்கும், அதன் வாயிலில் ஆயிரம் தடை போட்டதற்கும் காற்றும் வெளிச்சமும் காரணமல்ல. யார் கண் படக்கூடாது, யார் கால் படக்கூடாது என்ற கணக்கே காரணம். மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்ணின் காலே படக்கூடாது! உண்ணும் இடத்தைப் பிரித்ததால் 1924-25இல் சேரன்மாதேவி குருகுலம் நாட்டையே உலுக்கியதை அறிவோம். வீட்டுக்குள்ளே பிரித்து வைத்த இடம் யாரையும் உலுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் பாட்டிமார்க்குச் செய்யும் துரோகம். இடம் கொடுக்காதபோதும் அவர்கள் திட்டமிட்டார்கள். அஞ்சறைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடுகும் சீரகமும் வெந்தயமும் ஒரு தட்டுக்குள், ஒரு கை எட்டும் வட்டத்துக்குள். தாளிக்கும் எண்ணெய் கருகுமுன் எடுத்துப் போடத்தக்க ஏற்பாடு. உறி என்ன? பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத, தரையில் இடம் பிடிக்காத வைப்பிடம். அடுக்குப்பானை, ஒரு சாண் இடத்தில் ஏழு பண்டம். கொடியடுப்போ, பெரிய அடுப்பின் வீண் அனலைப் பக்கத்துக் கண்ணுக்குத் திருப்பி, ஒரே விறகில் இரண்டு பானை. இதைச் செய்தவர்களுக்கு எந்தப் பட்டமும் இல்லை. கொத்தனார் வந்தபோது அவர்களைக் கூப்பிட்டவரும் இல்லை.

இதே கேள்வி மேனாட்டிலும் எழுந்தது. 1912ஆம் ஆண்டையொட்டி கிறிஸ்டின் பிரெடரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஆலைகளில் தொழிலாளியின் அசைவை அளந்த முறையைத் தம் அடுக்களைக்குக் கொண்டுவந்தார். ஒரு சமையலுக்கு எத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடக்கிறோம் என்று தாளிலே கோடு போட்டுக் காட்டினார். தாறுமாறான அடுக்களையின் படம் சிக்குண்ட நூல்கண்டு. ஒழுங்கான அடுக்களையின் படம் ஒரே வளையம். நம் வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ அடுப்புக்கு 30 அடி என்று வையுங்கள். நாளைக்கு இருபது முறை போய்வந்தால் 1200 அடி. ஓராண்டுக்கு ஏறத்தாழ 83 மைல்! தண்ணீருக்கு மட்டும். அரிசிக்கும் பருப்புக்கும் நடப்பது வேறு.

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், முதல் உலகப் போருக்குப் பின், தொழிலாளர்க்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். அவற்றின் அடுக்களையை வகுக்கும் பொறுப்பு மார்கரெத் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டடக் கலைஞருக்கு வந்தது. 1926இல் அவர் வகுத்தது 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் உள்ள சிறு அறை. தொடர்வண்டியின் உணவுப்பெட்டி அடுக்களை அவருக்கு ஒரு மாதிரி. அந்தச் சிறிய இடத்தில் அவர் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். அரிசிக்கு, சர்க்கரைக்கு, பயறுக்கு என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பிகள். பிடியைப் பற்றி இழுத்து, மூக்கு வழியே அப்படியே பானையில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. வண்டு அண்டாது என்பதற்காக. சாளரத்தின் கீழே வேலைப் பலகை. அங்கே உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆனால் அளந்தார், அதுதான் வேறுபாடு. 1941இல் நாஜிகள் அவரைச் சிறைப்படுத்தினர். போர் முடியும்வரை சிறை. 2000ஆம் ஆண்டில், 103ஆம் வயதை எட்டும் தறுவாயில் மறைந்தார்.

புகழ்ந்துவிட்டுப் போக மனமில்லை. அந்த அடுக்களையில் ஒரு குறையும் உண்டு. ஒருவர்தான் நிற்கலாம். அந்த ஒருவர் பெண் என்பது சொல்லாமலே முடிவாயிற்று. நடையைக் குறைத்தார்கள், தனிமையைக் குறைக்கவில்லை. கணவன் வந்து கை கொடுக்க இடமே இல்லை என்றால் அவனுக்கு அதைவிட நல்ல சாக்கு ஏது?

நம் நாட்டிலே புகையைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஐதராபாத் பொறியியல் ஆய்வுக் கூடத்தின் எஸ். பி. ராஜு, மண்ணாலேயே கட்டத்தக்க, பல பானை ஏற்கும், புகைபோக்கி உள்ள அடுப்பை வகுத்து, அதை விளக்கும் நூலை 1953இல் சென்னையிலிருந்து வெளியிட்டார். கோடிக்கணக்கானவர்க்குப் புகையற்ற அடுக்களை என்பதே அந்த நூல்தலைப்பின் கருத்து. எளிய செலவு, எளிய வேலை. பரவியதா? பெரிதாகப் பரவவில்லை. 1980களில் ஒன்றிய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் என்று தொடங்கி, 2002க்குள் மூன்று கோடிக்கு மேல் அடுப்பு வைத்தது. வைத்தவை பல, பயன்படாமல் போயின. புகைக்குழாயைச் சுத்தம் செய்ய ஏற்பாடில்லை. வீட்டுப் பானையின் அடியும் அடுப்பின் வாயும் பொருந்தவில்லை. இங்கும் அதே கதைதான். அடுப்பு கொடுத்தார்கள், பானை எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை.

கோவையிலே 1955இல் சபாபதி மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கியது, இந்த வரலாற்றில் ஒரு போர் வெற்றிக்குச் சமம். ஆட்டுக்கல்லின் முன் ஒரு மணி நேரம் குந்தியிருந்த முதுகுகளுக்கு அது தெரியும். அது எல்லா வீட்டுக்கும் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2011இல் அரவை இயந்திரங்களும் வந்தன. இலவசம் என்று ஏளனம் பேசிய நாக்குகளை அறிவோம். அந்த நாக்குக்குரியவர்களில் ஊதுகுழலை வாயில் வைத்தவர் எத்தனை பேர்? வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீடு. தமிழ்நாட்டு நாட்டுப்புற வீடுகளிலேயே புகையை அளந்தவர் சென்னைப் போரூரில் கல்பனா பாலகிருஷ்ணன். 2002இல் வெளியான அந்த ஆய்வு, எரிபொருள் எது என்பதோடு, அடுக்களை எப்படி அமைந்திருக்கிறது என்பதும், சமைப்பவர் உள்ளிழுக்கும் புகையின் அளவைத் தீர்மானிப்பதைக் காட்டிற்று. சுவர் எங்கே நிற்கிறது என்பது நுரையீரலின் செய்தி, தோழர்களே!

பரங்கிப்பேட்டைக் கரைக்கு இதைக் கற்க ஒரு கொடிய வாய்ப்பும் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து இக்கரைக் குப்பங்களை அழித்தது. கடலூரிலும் நாகையிலும் புது வீடுகள் எழுந்தன. ஏறத்தாழ 325 சதுர அடி என்னும் அளவில், கூடம், அறை, அடுக்களை, கழிவறை எனத் திட்டமான காரை வீடுகள். நன்று. ஆயினும் மீனவப் பெண்கள் பலர் அந்தக் காரை அடுக்களையில் விறகு எரிக்க முடியாமல், பின்புறம் கீற்றுச் சார்ப்பு இறக்கி அடுப்பு மூட்டினர். உள்ளே புகை போக வழி இல்லை. மீன் ஆய இடம் இல்லை. நாடெங்கும் ஒரே வரைபடம் போதும் என்று எண்ணியவர்க்கு அவர்கள் சொன்ன மறுமொழி அந்தச் சார்ப்பு.

இவ்வளவையும் பேசிவிட்டுத் தோழர் வீட்டுக்குப் போனோம். அம்மாவை அழைத்து நடுவிலே உட்கார வைத்தோம். முதலில் தயங்கினார். "எனக்கு என்ன தெரியும் தம்பி" என்றார். பிறகு பேசினார். பேசப்பேச நாங்கள்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

முதல் செய்தி, மேடையின் உயரம். மரவேலைக்காரர் 36 அங்குலம் என்று குறித்திருந்தார். அது மேனாட்டு உயரம். அம்மா ஐந்தடியை எட்டாதவர். மேடை, நிற்பவரின் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அவருக்கு 32 போதும். அடுப்பு வைக்கும் பகுதி அதற்கும் தாழ வேண்டும், ஏனெனில் அடுப்பே சில அங்குலம் உயரம். அதன் மேல் பானை. அதன் மேல் அகப்பை பிடிக்கும் கை. நாற்பது ஆண்டுத் தோள்வலிக்கு மருந்து வாங்கிய காசில் இரண்டு மேடை கட்டியிருக்கலாம்.

அடுத்தது வரிசை. பண்டம் எடுக்கும் இடம், கழுவும் இடம், வேகும் இடம். 1940களில் இலினாய் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வகுத்த முக்கோணம் இம்மூன்றையும் இணைப்பது. ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமல், 9 அடிக்கு மேற்படாமல், மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள். அம்மாவின் பழைய அடுக்களையில் அரிசிப் பானை நடுக்கட்டிலே இருந்தது, குழாய் கொல்லையில். முக்கோணமல்ல அது, ஊர்வலப் பாதை. இப்போது மூன்றும் ஒரே அறைக்குள் வந்தன. நடுவழியை நான்கடி வைத்தோம். இருவர் முதுகு உரசாமல் நிற்க வேண்டும். இரண்டாமவர் யார் என்று தோழர் கேட்கவில்லை. தலையைக் குனிந்து அளவை எழுதிக்கொண்டார்.

பளபளத்த பலகை மாதிரிகளைத் திருப்பி அனுப்பினோம். மரத்தூளை அழுத்திச் செய்தவை அவை. கடலோர ஊரில் கார்த்திகை மழையின் ஈரம் ஏறினால் ஊதிப் போகும். இரும்புத் தட்டுகளை உப்புக்காற்று தின்றுவிடும். ஆகவே சுவரில் பதித்த கடப்பைக் கல் தட்டுகள். கீழே மட்டும், இழுக்கத்தக்க துருப்பிடிக்காத எஃகுக் கூடைகள். நாள்தோறும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையே, கனமானது கீழே, பொங்கலுக்கும் திருமணத்துக்கும் எடுப்பது பரணில். அரிசிக்கும் பருப்புக்கும் தரையிலிருந்து ஒரு சாண் உயர மேடை, ஈரம் ஏறாதிருக்க. கருவாட்டுக்குத் தனி மாடம் கேட்டார் அம்மா, கம்பி வலைக் கதவோடு, வெளிச்சுவரை ஒட்டி. எந்த வெளிநாட்டுத் திட்டத்திலும் அது இல்லை. பரங்கிப்பேட்டையில் அது இல்லாமல் அடுக்களை இல்லை. மீன் ஆய்வதற்குப் பின்வாசல் படியில் அரிவாள்மணையோடு குந்தும் வழக்கத்தை விட்டு, கொல்லைச் சார்ப்பிலே நின்று ஆயத்தக்க கல் தொட்டி. அதற்கு நேரே வடிகால்.

எரிவாயு உருளை நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையிலே படியும். ஆகவே தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை. தாளிக்கும் புகைக்கு, அடுப்பின் நேர் மேலே கூரை வரை வழி. சாளரங்கள் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு. மனையடி பார்ப்பவர் குறித்த தென்கிழக்கு என்ன ஆயிற்று என்பீர்கள். பழைய அறை அங்கேயே இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம். இடிக்கும் செலவு மிச்சம். புகைக்கு வழி வைத்தபின் அக்கினி மூலையாயிருந்தால் என்ன, ஆகாத மூலையாயிருந்தால் என்ன? தம் சொல் வென்றதாக அவர் மகிழ்ந்தார், மகிழட்டும். கிழக்குச் சாளரம் மூன்றடி அகலம் என்றபோதுதான் முகம் சுளித்தார்.

எல்லாம் முடிந்து வரைபடத்தைச் சுருட்டும்போது, "வேறு ஏதாவது வேண்டுமா அம்மா?" என்று தோழர் கேட்டார். அவர் சற்று நேரம் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்கார ஒரு இடம் வேணும்ப்பா" என்றார்.

சுருளை மீண்டும் விரித்தோம். கிழக்குச் சாளரத்தின் அடியில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் போட்டு, முக்காலி என்று எழுதினோம்.